அஞ்சலை வடித்த எண்ணெய்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏழுமலை எழுதுவது.

நீங்கள் மலையடிவாரத்துக்கு வந்து, புல்லிலிருந்து எண்ணெய் வடிக்கும் எங்கள் கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போன மூன்றாம் நாள், உங்கள் தமிழ் டீச்சர் ஒரு பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் என் மகள். அதனால் 'கொடுத்தாள்' என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடம் திரும்பியதுமே, கைகூடக் கழுவ விடாமல் உங்களை உட்காரவைத்து எழுத வைத்தாளாம். மொத்தம் முப்பத்தொரு கடிதம். எல்லாவற்றையும் படித்தேன்.

எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான் இருந்தது. 'தாத்தா, நீங்கள் வடித்த எண்ணெயின் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.' அன்றைக்கு அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து, ஒவ்வொருவர் மூக்கருகிலும் காட்டினேன் அல்லவா? சங்கவி என்கிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மோந்துவிட்டு, "தாத்தா, இது நீங்க வடிச்சதா?" என்று கேட்டாள். நான் "ஆமாம்மா" என்றேன்.

அது பொய். நான் ஓய்வுபெற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த எண்ணெயை வடித்தது அஞ்சலை. அன்றைக்கு அவள் திருக்கோவிலூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அவள் பக்கத்தில் நின்றிருந்தால் என் வாயில் அந்த 'ஆமா' வந்திருக்காது. உங்களுக்கு அவர் அஞ்சலை அம்மா. எனக்குத் தங்கை வயசு, அதனால் நான் அவள் என்றே எழுதுகிறேன்.

ஒரு பொய்யைச் சொல்வது சுலபமாக இருந்தது. அதே பொய்யை முப்பத்தொரு தடவை உங்கள் கையெழுத்தில் படிப்பது சுலபமாக இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்கு எழுத வேண்டும். அதற்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன். முதலில் புல்கட்டு சுமந்தேன். அப்புறம் பாய்லருக்குத் தீ போட்டேன். அப்புறம் டேங்கில் புல் மிதித்தேன். நாலைந்து வருஷம் கழித்து வால்வில் கை வைக்க விட்டார்கள். டேங்க்கைப் பார்த்துக்கொள்கிற ஆள்தான் வடிக்கிற ஆள்.

இந்த வேலையில் கஷ்டமானது ஒன்றுமில்லை, ஆனால் எதையும் விடமுடியாது. பனி காய்ந்த பிறகு புல்லை அறுக்க வேண்டும். ஒரு நாள் நிழலில் வாட விட வேண்டும். டேங்கில் போட்டு, முதலில் ஓரமாகச் சுற்றிச் சுற்றி மிதிக்க வேண்டும், பிறகுதான் நடுவில். எங்கேயாவது ஒரு பொந்து விட்டுவிட்டால் ஆவி அந்தப் பொந்து வழியாகவே ஓடிவிடும், மற்ற புல்லெல்லாம் வேகாமல் கிடக்கும். மூடியை இறுக்கிவிட்டு ஆவியை விட்டால், அது புல்லுக்குள் புகுந்து எண்ணெயைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். தண்ணீர்த் தொட்டிக்குள் போகிற குழாயில் குளிர்ந்து இறங்கும். கீழே ஏனத்தில் தண்ணீர் அடியில் நிற்கும், எண்ணெய் மேலே மிதக்கும்.

நீங்கள் இரண்டு வகைப் புல்லைப் பார்த்தீர்கள். பையன்கள் கையில் எலுமிச்சைப்புல் கொடுத்தேன், பெண்பிள்ளைகள் கையில் ரோசாப்புல். அதன் சரியான பெயர் பாமரோசா. ரோஜாப்பூ வாசனை அடிப்பதால் எங்களுக்கு அது ரோசாப்புல். இரண்டும் ஒரே குடும்பத்துப் புல்தான். ஆனால் ஒன்றின் எண்ணெயில் மற்றொன்று ஒரு துளி சேர்ந்தாலும் போயிற்று. அதனால் ஒரு புல்லை வடித்த டேங்கில் வேறு புல் போடுவதற்கு முன்னால், ஒரு மணி நேரம் வெறும் ஆவியை விட்டு டேங்க்கையும் குழாயையும் கழுவ வேண்டும்.

கழுவியாயிற்றா இல்லையா என்று யார் யாரைக் கேட்பது? அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வடித்து முடித்ததும், அதே புல்லில் ஒரு கொத்து எடுத்து வால்வுச் சக்கரத்தில் முடிந்துவிட வேண்டும். கொத்து இருந்தால் டேங்க் அழுக்கு. கழுவின ஆள்தான் கொத்தை அவிழ்த்து அடுப்பில் போட வேண்டும். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். அந்தக் கொத்து பேசுகிற பேச்சை யாரும் சந்தேகப்பட்டதே இல்லை.

எங்களுக்கு மேலே பரசுராமன் சார் இருந்தார். அவர் வெங்காயம் தின்னமாட்டார், வெற்றிலை போடமாட்டார், தலைக்குத் தேங்காய் எண்ணெய்கூட வைக்கமாட்டார். எல்லாம் மூக்குக்காக. நாங்கள் வடித்த எண்ணெயைக் குப்பியில் ஊற்றி, பெயர்ச் சீட்டு ஒட்டி, அவர் மேசையில் வைப்போம். அவர் மெலிசாக வெட்டின காகிதத்தை அதில் தோய்த்து, இரண்டு தடவை ஆட்டிவிட்டு மோந்து பார்ப்பார். அடுத்த குப்பிக்குப் போவதற்கு முன்னால் தன் சட்டைக் கையை மூக்கில் வைத்து ஒரு மூச்சு இழுப்பார். பழைய வாசனையைத் துடைப்பதற்கு அது. அதே காகிதத்தை ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை மோந்து பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் பேச்சு. பேச்சு என்றால், 'ம்' என்றால் சுமார், 'சரி' என்றால் நல்லது. கெட்டுப்போயிருந்தால், "இன்னாப்பா அவசரம்?" என்பார். எது நன்றாக இருக்கிறதோ அந்தக் குப்பி, வாங்குகிறவர்களுக்கு மாதிரியாகச் சின்னசேலத்துக்குப் போய், அங்கிருந்து சேலம் பஸ் ஏறும். நிறைய வருஷம் அந்தப் பஸ்ஸில் போனது என் குப்பிதான். 'சரி' என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை உண்டு என்றே எனக்குத் தெரியாது.

அஞ்சலை புல் அறுக்க வந்தவள். இந்தப் புல்லின் ஓரம் பிளேடு மாதிரி. அறுக்கிறவர்கள் கையைப் பார்த்தால் தெரியும், விரலெல்லாம் கோடு கோடாக இருக்கும். அவள் ஒரு நாள் புல்கட்டை இறக்கிவிட்டுக் கொட்டகையைத் தாண்டிப் போனவள் நின்று, "அண்ணே, எண்ணெ வெளிய போவுதுண்ணே" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்றேன். அவள் போகவில்லை. வேண்டாவெறுப்பாகக் குழாயில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. தொட்டிக்குத் தண்ணீர் வருகிற வழியில் இலை அடைத்துக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீர் குளிர்ச்சியாக இல்லை என்றால் ஆவி எண்ணெயோடு காற்றில் போய்விடும். அதைத்தான் அவள் அத்தனை தூரத்திலிருந்து மோந்திருக்கிறாள்.

பரசுராமன் சார் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கூப்பிட்டு நாலு காகிதத்தைக் கொடுத்தார். அவள் மோந்துவிட்டு, இது கிணற்றுமேட்டுப் புல், இது பாறைக்கொல்லைப் புல், இது இரண்டு நாள் வாடின புல், இது சரியாக வாடாத புல் என்று நாலையும் சொன்னாள். நான் அங்கேதான் நின்றேன். அதில் இரண்டு குப்பி நான் வடித்தது. எனக்கே தெரியாது.

அடுத்த மாதமே அவளை இரண்டாவது டேங்கில் போட்டுப் பார்த்தார்கள். காலையில் அறுக்க வேண்டும், பத்து மணிக்கு மேல் வடிக்க வேண்டும். நன்றாக வந்தால் அறுப்பு வேலையை விட்டு நிரந்தரமாக டேங்குக்கு வந்துவிடலாம். அவளுக்கு அதுதான் ஆசை. கை ஆறும், வெயில் இல்லை. அவள் வடித்த மூன்றாவது குப்பியை மறுநாள் காலையிலும் மோந்துவிட்டுப் பரசுராமன் சார் காகிதத்தை மேசையில் வைத்தார். அப்புறம் சொன்னார்:

"இது புல்லு மாதிரியே கீது."

பிள்ளைகளே, உங்களுக்கு இது ஒரு பெரிய பாராட்டாகத் தெரியாது. எனக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்தது 'சரி' மட்டும்தான். அன்றைக்குச் சேலம் பஸ்ஸில் போன குப்பியில் என் பெயர் இல்லை. அடுத்த வாரமும் இல்லை.

நானும் மூக்கைப் பழக்கிப் பார்த்தேன். பீடியை விட்டேன். பொறாமை எனக்குச் செய்த ஒரே நன்மை அது. வீட்டில் மிளகு, மல்லி, மண்ணெண்ணெய், மழை நனைந்த சாக்கு, எதையும் விடாமல் மோந்து பார்த்துவிட்டு, சட்டைக் கையை மூக்கில் வைத்துக்கொள்வேன். உங்கள் டீச்சர் அப்போது மூன்றாம் வகுப்பு. அவளும் என்னைப் பார்த்து கவுன் கையை மூக்கில் வைத்துக்கொண்டு திரிவாள். என் வீட்டுக்காரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு வூட்டுல கீறதெல்லாம் மோந்துக்கினே இருக்கீங்க? ரசத்துல வெசமா வச்சிருக்கேன்?" என்று கேட்டாள். அவளிடம் நான் காரணம் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளை, அதுவும் புல் அறுக்க வந்தவள், என்னைவிட நன்றாக வடிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? மகளிடம், 'அப்பா எண்ணெய்தான் பஸ்ஸில் போவுது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ரோசா எண்ணெய்க்குப் புதிதாக ஒருவர் மாதிரிக் குப்பி கேட்டார். பிடித்தால் வருஷம் முழுக்க வாங்குவார். அந்த வடிப்பைப் பரசுராமன் சார் அஞ்சலைக்குக் கொடுத்தார். இது சரியாக வந்தால் அறுப்புக்குப் போக வேண்டாம், டேங்க் உனக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அவளுக்குக் கொடுத்த டேங்கில் முந்தின நாள் சாயங்காலம் எலுமிச்சைப்புல் வடித்தது நான். வால்வில் கொத்து கட்டினதும் நான். காலையில் வந்து கழுவ வேண்டியதும் நான்தான். காலையில் வந்தேன். யாரும் இல்லை. கொத்தை அவிழ்த்து அடுப்பில் போட்டேன். ஆவியை விடவில்லை.

'அவளுக்குத்தான் பெரிய மூக்காச்சே, கண்டுபிடிக்கட்டும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதனை வைக்கிறேனாம். எவ்வளவு கெட்ட காரியத்துக்கும் மனசு ஒரு நல்ல பெயர் கண்டுபிடித்துவிடும்.

அவள் கண்டுபிடித்தாள். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள், அவள் கண்டுபிடித்தாள். டேங்குக்குள் தலையை விட்டவள் வெளியே வந்து கேட்டாள்:

"அண்ணே, எலுமிச்ச வாட அடிக்குதே. கழுவுனீங்களா?"

"கழுவியாச்சு. கொத்து கீதா பாரு?"

வால்வைப் பார்த்தாள். கொத்து இல்லை.

"காலையில இன்னா அறுத்த?" என்றேன்.

"எலுமிச்சதாண்ணே."

"அப்ப உன் கையில கீற வாடதான். போய்க் கழுவிக்கினு வா."

அவள் கையை மோந்து பார்த்தாள். போய்ச் சாம்பல் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். மறுபடியும் டேங்குக்குள் தலையை விட்டாள். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் அவள் புல்லைப் போட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.

பரசுராமன் சார் முதல் தடவை மோந்தபோதே முகம் மாறிவிட்டது. ஆனாலும் மூன்று தடவையும் மோந்தார். மறுநாள் காலை இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஏழுமல, நீ கழுவுனியா?"

"கழுவுனேன் சார்."

அவளைப் பார்த்தார். 'கழுவினேன் என்று அண்ணன்தான் சொன்னார், உன் கை வாடை என்றும் அவர்தான் சொன்னார்' என்று அவள் சொல்லப்போகிறாள் என்று நின்றேன். அவள் சொன்னது வேறு.

"எனக்கு வாட வந்துச்சு சார். டேங்க்ல வருதா எம்மேல வருதான்னு புரியல. எம்மூக்கு இன்னாமோ ஆயிப்போச்சு போல."

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. மூக்கைச் சந்தேகப்பட்டாள். கொத்து இல்லாத டேங்க் அழுக்காக இருக்கும் என்று எங்கள் கொட்டகையில் யாருக்கும் தோன்றாது.

அந்த எண்ணெய் மலிவு விலைக்குச் சோப்புக்காரர்களுக்குப் போயிற்று. மாதிரி கேட்டவர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். அஞ்சலை அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அந்த வாரம் சேலம் பஸ்ஸில் என் குப்பி போயிற்று. பஸ் போகிற வரைக்கும் நின்று பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கு நிற்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் இருக்கும். சாப்பாட்டு வேளையில் புளியமரத்தடியில் அறுப்புப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாய்லருக்குச் சருகு வாரிக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். அஞ்சலை தூக்குச்சட்டியைத் திறந்து, பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள்.

"இந்தக் கொழம்பு ஊசிப்போச்சான்னு மோந்து சொல்லேன். எனக்குத் தெரியல."

அவள் மோந்துவிட்டு, "நல்லாத்தான்டி கீது. நீதான் மூக்குக்காரியாச்சே, எங்கிட்ட கேக்குற?" என்று சிரித்தாள். அஞ்சலையும் சிரித்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தாள்.

நான் சருகோடு அங்கேயே நின்றேன். அவளிடமிருந்து ஒரு டேங்க்கைப் பிடுங்கினேன் என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்கையே பிடுங்கியிருக்கிறேன். தன் வீட்டுக் குழம்பு நல்லதா கெட்டதா என்று அடுத்தவளைக் கேட்கிற நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

சருகைப் போட்டுவிட்டு நேரே பரசுராமன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டைக் கையை மூக்கில் வைத்து ஒரு மூச்சு இழுத்தார், என்னை மோந்து பார்த்து முடித்துவிட்ட மாதிரி.

"எங்கிட்ட சொன்னா? போய் அவகிட்ட சொல்லு. தனியா கூப்ட்டு சொல்லாத."

போனேன். அறுத்துக்கொண்டிருந்த எட்டுப் பேர் முன்னால் சொன்னேன். டேங்க்கை நான் கழுவவில்லை, கொத்தை வேண்டுமென்றே அவிழ்த்தேன், உன் குப்பி பஸ்ஸில் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்றேன். மற்ற பெண்கள் விடுவார்களா? ஒருத்தி, இத்தனை வயசில் இதைவிட நல்ல புத்தி வராதா என்றாள். இன்னொருத்தி, அரிவாளை என் பக்கம் நீட்டி, "இந்தாங்க, இதையும் நீங்களே அவுத்துக்கினு போங்க" என்றாள். அஞ்சலை குனிந்து ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, மூக்கில் வைத்தாள். அப்புறம்தான் கேட்டாள்:

"அப்ப எம்மூக்கு கெட்டுப்போவலியா?"

"இல்லம்மா."

"அன்னிக்கு வந்தது டேங்க் வாடதானா?"

"டேங்க் வாடதான்."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னித்தாளா என்றுகூட நான் கேட்கவில்லை. அவள் அப்போது என்னைப் பற்றியே நினைக்கவில்லை. அதற்கும் எனக்குக் கொஞ்சம் வலித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே அவளுக்கு டேங்க் கொடுத்தார்கள். அந்தப் பருவம் முடியும்வரை அவள் அரிவாள் என் கையில். என் விரலிலும் கோடு விழுந்தது. அதற்கப்புறம் நான் ஓய்வுபெறும்வரை பக்கத்துப் பக்கத்து டேங்கில் வேலை செய்தோம். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் நான் கழுவிய டேங்க்கைத் தானும் ஒரு தடவை கழுவாமல் அவள் புல் போட்டதே இல்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை. பரசுராமன் சார் இப்போது இல்லை. மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, எண் போட்ட காகிதம் வாங்குகிறார்கள். காகிதம் வருவதற்கு முன்னாலேயே அஞ்சலை சொல்லிவிடுகிறாள்.

இத்தனைக்கும் பிறகுதான், பிள்ளைகளே, அவள் ஊரில் இல்லாத நாளில் அவள் குப்பியை எடுத்து, 'ஆமாம்மா' என்றேன்.

நேற்று உங்கள் கடிதங்களை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. டேங்க் சூடாகிற நேரத்தில் உட்காரவைத்து நானே படித்துக் காட்டினேன். தாத்தா என்றும் ஏழுமலை என்றும் நீங்கள் எழுதின இடத்திலெல்லாம் அஞ்சலை அம்மா என்று மாற்றிப் படித்தேன். நாலு கடிதம் கேட்டாள். பிறகு, "நான் ஊர்லயே இல்ல, பசங்களுக்கு எம்பேரு எப்படித் தெரியும்?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். என்னையே பார்த்தாள்.

"இன்னும் அடங்கலியாண்ணே உங்களுக்கு?"

அவள் சிரித்துவிட்டு, என் மடியிலிருந்த கடிதங்களை எடுத்தாள். ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து, சிலதை வலது பக்கம், சிலதை இடது பக்கம் போட்டாள். "இது எலுமிச்சயத் தொட்ட கை. இது ரோசா. இதுவும் ரோசா." கடைசியில் ஒன்றை மட்டும் எந்தப் பக்கமும் போடாமல் நடுவில் வைத்தாள். "இது ரெண்டையும் தொட்ட கை."

பெயர்களைப் பார்த்தேன். வலது பக்கம் முழுக்கப் பையன்கள். இடது பக்கம் முழுக்கப் பெண்பிள்ளைகள். நடுவில் இருந்தது சங்கவியின் கடிதம். பையன்கள் வரிசைக்கு ஓடிப்போய் ஒரு எலுமிச்சைப்புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தது யார் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அஞ்சலை வால்வைப் பார்க்க எழுந்து போனாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சங்கவியின் கடிதத்தை எடுத்து நானும் மோந்து பார்த்தேன். சட்டைக் கையை மூக்கில் வைத்துத் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் மோந்தேன்.

எனக்குக் காகித வாசனைதான் வந்தது.